இரண்டு விரல் ரப்பர்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நொபுதோ வாசல் கதவைப் பக்கவாட்டில் தள்ளினான். கதவு நகர்ந்தது. ஆனால் கதவுக்கு அப்பால் வாசல் இல்லை. பனி, கதவின் சட்டங்களை அப்படியே தன்மேல் அச்சுக் குத்திக்கொண்டு சுவர்போல நின்றது.

"எவ்வளவு?" உள்ளேயிருந்து மனைவி யாசுயோ கேட்டாள்.

"முழங்காலுக்கு மேல."

"புதன்கிழமை மாதிரியா?"

அவன் மண்வெட்டியை எடுத்தான். புதன்கிழமையை அந்த வீட்டில் யாரும் இன்னும் மறக்கவில்லை.

அன்று காலை, பனி தள்ளும் தகட்டைப் பூட்டிய குட்டி லாரியை இதே வாசலில் ஓட்டிக்கொண்டு வந்தான். தகட்டின் இரும்பு விளிம்பு வடிகால் மூடியின் ஓரத்தில் மாட்டி, வண்டி சுவரில் மோதியதுபோல நின்றது. நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. தகட்டைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று வளைந்தது. வாசலில் கார் போக வழி திறக்கவில்லை; மாமனார் தோகுஜியின் டயாலிசிஸ் தவறிப்போனது. வியாழக்கிழமை வரச் சொல்லி கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். "என் முறை திங்கள், புதன், வெள்ளி. வியாழக்கிழமை அது இன்னொருத்தன் நாற்காலி" என்று சொல்லிவிட்டு அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

நொபுதோ அன்று வேலைக்கு லீவு போட்டான். கொட்டகைக்குள் போனான். மாமனார் தன் கையால் செய்த தகட்டின் அடிவிளிம்பை, மாமனாரைக் கேட்காமலே, மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்தான்.

சசமோரி வீட்டுக்கு அவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. சட்டப்படி தத்துப்பிள்ளையும்கூட. இந்த வீட்டில் ஓர் ஆணியை இடம் மாற்றுவதானாலும் கேட்டுவிட்டுச் செய்கிறவன். கொட்டகை ஜன்னலில் தீப்பொறி தெறித்ததைத் தோகுஜி மாடியிலிருந்து பார்த்தார். கீழே இறங்கி வந்தார். அறுந்து விழுந்த இரும்பைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே போய்விட்டார்.

மறுநாள் மாலை போன் வந்தது. பதினோரு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத தோகுஜியின் மகன் ரியோஹெய், "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

இன்றுதான் அந்த நாளை.

நொபுதோ மண்வெட்டியால் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். எட்டேகாலுக்குக் கிளினிக்கில் இருக்க வேண்டும். ஏழே முக்காலுக்காவது கார் கிளம்ப வேண்டும். கை ஒரு வேலையில் நிலைக்கவில்லை. சாவியை எடுத்தான், வைத்தான், கையுறையைத் தேடினான், கையிலேயே போட்டிருந்தான்.

வண்டியின் மூக்கில் தகடு புது உருவத்தில் நின்றது. மேல்பாதி மாமனாருடையது. பழைய பாசனக் குழாயை நீளவாக்கில் பிளந்து அவர் செய்த வளைவு; இருபத்தாறு பனிக்காலம் உழைத்த இரும்பு. கீழ்ப்பாதி நொபுதோவுடையது. ஆப்பிள் தரம் பிரிக்கும் நிலையத்தில் இயந்திரம் பார்க்கிற வேலை அவனுக்கு. அங்கே கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்து, இரண்டாக மடித்து, இரும்புப் பட்டை வைத்து ஒன்பது போல்ட்டில் இறுக்கியிருந்தான். தேயத்தேயக் கீழே இறக்கிக்கொள்ள வசதியாகத் துளைகளை நீளமாக வெட்டியிருந்தான். தகட்டின் முதுகில் இரண்டு தடித்த ஸ்பிரிங். அடியில் ஏதாவது தட்டினால் தகடு தலைகுனிந்து தாண்டிவிட்டுத் தானாக நிமிர வேண்டும் என்பது கணக்கு.

எல்லாம் கணக்குதான். பனியில் இறக்கிப் பார்த்ததில்லை.

வாசல் முன்பு சரளைக்கல்லாக இருந்தது. கல் உறைந்து இறுகியபின் இரும்பு அதன்மேல் நன்றாகவே ஓடியது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் தோகுஜிக்குத் தலை சுற்றும். சரளையில் இரண்டு முறை விழுந்தார். அதனால் போன அக்டோபரில் வீட்டு வாசலிலிருந்து சாலை வரை தார் போட்டார்கள். போட்ட பிறகுதான் தெரிந்தது, தாருக்கு இரும்பு ஆகாது என்று. தள்ளும்போதெல்லாம் தாரைக் கீறியது. மூடிகளில் மாட்டியது.

எஞ்சினை முடுக்கினான். தகட்டை இறக்கினான். முதல் ஓட்டத்திலேயே பனி சுருண்டு பக்கவாட்டில் ஒதுங்கியது. சத்தமே இல்லை. இரும்பின் அந்தப் பல்கூசும் கிறீச் இல்லை. 'சரியா வருது' என்று நினைத்தபடி சாலை ஓரம் வரை போய்த் திரும்பிப் பார்த்தான்.

தார் தெரியவில்லை.

வண்டி போன தடமெல்லாம் விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு தோல் கிடந்தது. சக்கரம் ஏறிய இடத்தில் அது அழுந்திக் கண்ணாடியாகியிருந்தது. இறங்கி மிதித்தான். கால் வழுக்கியது. ரப்பர் பனியைத் தள்ளவில்லை, பாதியைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

இன்னொரு முறை ஓட்டினான். இன்னும் பளபளப்பானது.

மாடி ஜன்னலில் திரை விலகி மூடியது.

*

தோகுஜி வாசல்படி மேடையில் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். பூட்ஸ் மட்டும் போடவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி, காலுறையின் விளிம்பு சதையில் பதிந்திருந்தது. பேசும்போது இடையில் மூச்சுக்காக நிறுத்தினார்.

"அப்பா, பூட்ஸைப் போடுங்க. மணி ஆறே முக்கால்" என்றாள் யாசுயோ. அவள் அடுப்படியில் ஒரே கிண்ணத்தை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வருகிறான் என்று அவளும் பள்ளிச் சமையற்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"எதுமேல நடந்து போகச் சொல்றே? அந்தப் பீங்கான்மேலயா?"

"நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

"புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் விழலாம்." மூச்சு வாங்கினார். "ஏன் மாப்ளே, ரப்பர்னா வழிச்சுடும்னு யார் சொன்னா உனக்கு?"

பனியை உதறிக்கொண்டு வந்த நொபுதோ நின்ற இடத்திலேயே நின்றான். "கொஞ்சம் சரி பண்ணணும் மாமா."

"சரியா இருந்ததைத்தானே நீ சரி பண்ணினே! என் இரும்பைத் திருப்பி வச்சுக் கொண்டா. வர்றேன். இல்லேன்னா நான் எங்கேயும் வரலை."

"அதை ஒட்ட வைக்க முடியாது மாமா. அறுத்தாச்சு."

"அறுத்தது நான் இல்லையே."

யாசுயோ கிண்ணத்தைப் பொத்தென்று வைத்தாள். "அப்பா! புதன்கிழமை போகலை. இன்னிக்கும் போகலேன்னா ஆம்புலன்ஸ்தான். அதுவும் இந்த மேட்டுல ஏறாது. இரும்பாம் இரும்பு! அந்த இரும்பு புதன்கிழமை இவர் நெலு எலும்பை உடைக்கப் பார்த்துச்சே, அது தெரியலையா உங்களுக்கு?"

"நெஞ்சு எலும்புன்னு சொல்லு. கோவத்துல நாக்கு குழறுது உனக்கு."

"ஆமா, குழறுது! குழறட்டும்!"

அவள் பாதணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நொபுதோ பின்னாலேயே வந்தான். வண்டியின் முன்னால் குந்தி, தகட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"இது ஏன் இப்படி உள்ளே மடிஞ்சு கிடக்கு?"

"ரப்பர்தானே. பனி கனம். மடியத்தான் செய்யும்."

"எவ்வளவு நீட்டி விட்டிருக்கீங்க?"

"ஒரு சாண் இருக்கும். தேயும்ல, அதுக்குத்தான் கூடுதலா."

யாசுயோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, நான் தினமும் ஐந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சிட்டுத் தரை கழுவறவ. வைப்பர் போட்டுத் தண்ணி தள்றேன். புது வைப்பர்ல ரப்பர் குட்டையா, வெடைச்சுக்கிட்டு நிக்கும். ஒரே இழுப்புல தரை காஞ்சுடும். ஒரு தடவை யாரோ நீளமான ரப்பரைப் போட்டு வச்சுட்டாங்க. அது தண்ணிமேல படுத்துக்கிட்டு நீச்சல் அடிச்சுது. அதே கதைதான் இது."

நொபுதோ அவளையே பார்த்தான். பிறகு தகட்டைப் பார்த்தான். இயந்திரம் பார்க்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். நேற்று முழுவதும் அவன் மனசு ரப்பரில் இல்லை. மாடி ஜன்னலில் இருந்தது.

"எவ்வளவு விடலாம்?"

அவள் கையுறையைக் கழற்றி, இரும்புப் பட்டைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "ரெண்டு விரல்."

மணி ஏழு.

போல்ட்டுகள் பனியில் இறுகிப்போயிருந்தன. ஸ்பேனர் வழுக்கியது. யாசுயோ உள்ளே ஓடி, கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் தலையிலும் ஊற்றினாள். ஊற்றியதும் அவன் திருகினான். கடைசி நட்டு உருண்டு பனிக்குள் போனது. இருவரும் நாய்போலக் கையால் தோண்டினார்கள்.

"விடு, எட்டு போதும்."

"ஓரத்து நட்டுங்க அது. எட்டு போதாது." அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள். கிடைத்தது.

ரப்பரை அளந்து கோடு போட்டு, கத்தியில் வெந்நீர் தொட்டுத் தொட்டு அறுத்தான். இரண்டடுக்கு பெல்ட், உள்ளே நூல் பின்னல்; கத்தி பாதி வழியில் நின்றது. யாசுயோ ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையை இழுத்துப் பிடித்தாள். அவள் வாயிலிருந்து வந்த ஆவி அவன் முகத்தில் பட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் திடீரென்று.

"சொல்லு."

"இப்ப வேண்டாம். அறுங்க."

ரியோஹெய் வருவதைப் பற்றித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஏழு முப்பத்தைந்துக்கு வண்டி மறுபடி நகர்ந்தது. இந்த முறை ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. பக்கக் கண்ணாடியில் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை நீண்டுகொண்டே வந்தது. தார். ஈரத்தில் மினுங்கும், சொரசொரப்பான, வெறும் தார்.

வடிகால் மூடி வரும் இடம் அவன் உடம்புக்கே தெரிந்திருந்தது. புதன்கிழமை இடித்த இடம் நெஞ்சில் முன்கூட்டியே வலித்தது. வேகத்தைக் குறைக்கக் கால் துடித்தது. குறைக்கவில்லை. தகடு மூடியில் தட்டியது, தலைகுனிந்தது, ஸ்பிரிங் முனகியது, டொக்கென்று நிமிர்ந்து மறுபடி பனியைக் கவ்வியது. ஸ்டியரிங் அவன் கையில் ஒரு துடிப்புகூடத் துடிக்கவில்லை.

சாலையோரத்தில், நகராட்சி வண்டி ஒதுக்கிவிட்டுப் போன கெட்டிப்பனி இடுப்புயரத்துக்குக் கிடந்தது. அதை மட்டும் ரப்பரால் அசைக்க முடியவில்லை. யாசுயோ மண்வெட்டியோடு வந்தாள். அவள் உடைக்க, அவன் தள்ள, பத்து நிமிஷத்தில் கார் போக வழி வந்தது.

திரும்பியபோது தோகுஜி வாசலில் நின்றிருந்தார், பூட்ஸோடு. கறுப்புத் தாரில் ஒரு காலை வைத்தார். அழுத்திப் பார்த்தார். இன்னொரு காலை வைத்தார்.

காருக்கு நடந்தார்.

*

கிளினிக்கில் எடை பார்த்த நர்ஸ் நரிதா உதட்டைப் பிதுக்கினாள். "நாலு கிலோ கூட இருக்கு சசமோரி ஐயா. தண்ணியை யாருக்கும் தெரியாம குடிச்சீங்களா?"

"பனியை நக்கினேன்."

"ஆப்பிள்?"

"ஆப்பிள்காரன் வீட்டுல ஆப்பிள் இல்லாம என்ன இருக்கும்?"

"அப்ப சாப்பிட்டிருக்கீங்க. ரத்தத்துல பொட்டாசியம் காட்டிக்குடுத்துடும், பொய் சொல்லாதீங்க."

ஜன்னலோர நாற்காலியில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றினார்கள். குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடத் தொடங்கியது. நொபுதோ கோட்டை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினான்.

"நில்லு மாப்ளே."

நின்றான். தகட்டைப் பற்றி என்று நினைத்தான். எதையாவது வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் தோளைக் குறுக்கினான்.

"ரியோஹெய் தானா வரலை. நான்தான் கூப்பிட்டேன்."

"சரி மாமா. நல்லதுதானே."

"தோட்டம், வீடு எல்லாத்தையும் பத்தி அவன்கிட்ட பேசணும்." தோகுஜி கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உன் தத்தை ரத்து பண்ணிடலாம்னு இருக்கேன். ஒரு தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நீ உங்க வீட்டுப் பிள்ளையாத் திரும்பிப் போகலாம்."

பக்கத்து இயந்திரம் ஒன்று பீப் பீப் என்று கத்தியது. நர்ஸ் நரிதா வந்து நிறுத்தினாள். அவள் போன பிறகுதான் நொபுதோ கேட்டான்.

"தகட்டை அறுத்ததுக்காகவா மாமா?"

தோகுஜி முதல்முறையாக அவனைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

"போ. எனக்குத் தூக்கம் வருது."

*

கிளினிக் வாசலில் காரில் உட்கார்ந்தான். எஞ்சினை முடுக்கவில்லை. இறங்கினான். காரைச் சுற்றி வந்தான். கண்ணாடியில் இல்லாத பனியைத் துடைத்தான். மறுபடி உட்கார்ந்தான்.

துரத்துகிறாரா, விடுதலை தருகிறாரா? இருபத்தோரு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை; ஒரு வார்த்தை போகச் சொன்னதும் இல்லை. தோட்டத்தில் மரம் கவாத்து செய்யும்போது ஏணியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சு.

கைபேசியை எடுத்து அம்மாவுக்கு அடித்தான். கசுனோவில், பக்கத்து மாவட்டத்தில், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத் தூரத்தில் அவள் தனியாக இருந்தாள். அண்ணன் போன கோடையில் இறந்த பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

"யாரு போயிட்டாங்க?" என்றாள் அம்மா எடுத்த எடுப்பிலேயே.

"யாரும் போகலைம்மா."

"வெள்ளிக்கிழமை காலையில போன் பண்றியே, அதான் கேட்டேன். உனக்கு ஞாயித்துக்கிழமைதானே என் ஞாபகம் வரும்."

"பனி எப்படி அங்கே?"

"இருக்கு, இருக்கு. முன்வாசல் மூடிக்கிச்சு. அதனாலென்ன, நான் சமையலறைக் கதவு வழியா வந்து போறேன். பக்கத்து வீட்டுக்காரன் போஸ்ட்மேன் வர்ற அளவுக்கு வெட்டி விடுவான். இந்த வாரம் அவனுக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

"அப்ப யாரு வெட்டறா?"

"போஸ்ட்மேனே வெட்டிக்கிட்டு வந்தான். நல்ல பையன். தேநீர் போட்டுக் குடுத்தேன்." சிரித்தாள். பிறகு, "என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. அடுத்த வாரம் வர்றேன்மா."

"சரி, சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை, வருத்தமும் இல்லை. பழக்கம்தான் இருந்தது. அது அவனைச் சுட்டது.

*

வீட்டை நெருங்கும்போதே குட்டி லாரியின் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. நகரத்துச் செருப்புப்போல மெல்லிய காலணி போட்ட ஓர் ஆள் லாரியை முன்னும் பின்னுமாக விரட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமான இடத்தையே மறுபடி தள்ளிக்கொண்டிருந்தான். யாசுயோ இடுப்பில் கை வைத்து நின்று கத்தினாள்.

"டேய், இறங்குடா! மூடி இருக்கு அங்கே!"

கேட்கவில்லை. லாரி நேராக வடிகால் மூடிமேல் பாய்ந்தது. தகடு குனிந்தது, தாண்டியது, நிமிர்ந்தது. வண்டி நின்று, கதவு திறந்து, ரியோஹெய் குதித்தான். முன்தலை வழுக்கையாகி, அப்பாவின் மோவாய் வந்திருந்தது.

"மச்சான்! இதென்ன மாயம்? இது அப்பாவோட தகடா?"

"பாதி அவரோடது."

"இந்தத் தகடு இதே மாதிரி ஒருமுறை மாட்டித்தான் என் முன்பல் போச்சு. பத்தொன்பது வயசு. பாரு, இது கட்டின பல்லு." பல்லைக் காட்டினான். "அன்னிக்கு அப்பா என்ன கேட்டார் தெரியுமா? தகட்டுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டார். அந்த வருஷமே நான் ரயில் ஏறிட்டேன்."

யாசுயோ, "பல்லுக்காகவாடா போனே?" என்றாள்.

"பல்லுக்காக மட்டும் இல்லக்கா." அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. குந்தி உட்கார்ந்து ரப்பரை விரலால் தட்டிப் பார்த்தான். "நானா இருந்தா இதுல கை வச்சிருக்க மாட்டேன் மச்சான். பயந்திருப்பேன்."

"நானும் பயந்தேன்" என்றான் நொபுதோ.

ரியோஹெய் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வந்து அக்காவைப் பார்த்தான். அவள் தலையை லேசாக அசைத்தாள். அவன் காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டத் தொடங்கினான்.

அந்தத் தலையசைப்பை நொபுதோ பார்த்துவிட்டான்.

மதியம் சோற்றையும் மிஸோ சூப்பையும் மூவரும் நின்றுகொண்டு சாப்பிட்டதுபோலத்தான் சாப்பிட்டார்கள். யாசுயோ நான்கு முறை எழுந்தாள். ரியோஹெய் கவாசாகி நகரத்தில் லிப்ட் பழுதுபார்க்கும் கதைகளைச் சொன்னான். எந்தக் கதையையும் முடிக்கவில்லை. ஒரு மணிக்கு அவனே எழுந்து, "அப்பாவை நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். எப்படியும் முதல்ல முகத்தைப் பார்க்கணுமே, கார்லயே பார்த்துடறேன். பக்கத்துல உட்கார்ந்தா கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை" என்று சாவியை எடுத்துக்கொண்டான்.

கார் இறங்கிப் போனது. யாசுயோ துடைப்பத்தை எடுத்து, பெருக்கத் தேவையில்லாத தாரைப் பெருக்கினாள். நொபுதோ போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கினான்.

"உங்கப்பா தத்தை ரத்து பண்ணலாம்னு சொல்றார்" என்றான், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே.

துடைப்பம் நிற்கவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"கையில ஊசியோட படுத்திருக்கிற மனுஷன்கிட்ட என்ன சொல்றது? ... உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

துடைப்பம் நின்றது.

"அப்பாகிட்ட அதைச் சொன்னதே நான்தான். ரியோஹெய்யைக் கூப்பிடச் சொன்னதும் நான்தான். காலையில அதைத்தான் சொல்ல வந்தேன்."

நொபுதோ எழுந்தான். ஸ்பேனர் கையிலிருந்து தாரில் விழுந்து கணீரென்றது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அப்பாவோட தகட்டை அறுக்கும்போது நீங்க கேட்டீங்களா?"

"தகடு வேற, நான் வேற யாசுயோ!"

"தெரியும். தெரிஞ்சுதான் பண்ணினேன்." அவள் குரல் உடையவில்லை, வேகமாக வந்தது, நின்றால் சொல்ல முடியாமல் போய்விடும் என்பதுபோல. "இந்தப் பனிக்காலம் முழுக்க நீங்க கொட்டகையில நின்னு போன் பேசினதை நான் கேட்டேன். 'அடுத்த வாரம் வர்றேன்மா.' அதையே எத்தனை தடவை சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஒரு வாரமும் போகலை. எங்க வாசலைத் தள்ளணும், எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போகணும். இருபத்தோரு வருஷம் எங்க வாசலைத் தள்ளினீங்க. உங்கம்மா வாசலை யாரு தள்றா?"

"போஸ்ட்மேன்" என்றான் அவன்.

"நீங்க கேட்கவே மாட்டீங்க. செத்தாலும் கேட்க மாட்டீங்க. இந்த வீட்டுல யாராவது சொன்னாத்தான் நீங்க போவீங்க. அதான் சொல்ல வச்சேன்."

"போகணும்னா போறேன்." அவளுக்கு நேராக வந்து நின்றான். "ஒண்ணு மட்டும் சொல்லு. போறது நான் மட்டுமா, நாம ரெண்டு பேருமா?"

யாசுயோ வாயைத் திறந்தாள். மேட்டில் கார் ஏறும் சத்தம் கேட்டது.

ரியோஹெய் கையைக் கொடுக்க வந்ததைத் தள்ளிவிட்டு, தோகுஜி தானாகவே இறங்கினார். நாலு கிலோ தண்ணீர் இறங்கிய முகம் வற்றி, வெளுத்திருந்தது. தாரில் மெதுவாக நடந்து லாரிக்கு முன்னால் வந்து நின்றார். குனிய முடியவில்லை. பூட்ஸின் நுனியால் ரப்பரைத் தட்டினார்.

"ஓரம் ரெண்டும் சீக்கிரம் தேயும். கூட ஒரு துண்டு எடுத்து வச்சுக்க" என்றார். "தகட்டைக் கழட்டாதே மாப்ளே. நாளைக்குக் காலையில இப்படியே ஓட்டிக்கிட்டுக் கசுனோவுக்குப் போ. உங்கம்மா முன்வாசலைத் திற. திறந்துட்டு, மத்ததைப் பேசலாம்."

நொபுதோ தலையைத் தாழ்த்தினான். தாழ்த்தியவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"அந்த வண்டியில ரெண்டு சீட்டு இருக்கு" என்றான் ரியோஹெய், சூழ்நிலையை இலேசாக்க நினைத்து.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று ஆண்களும் யாசுயோவைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷம் கழித்து வந்து, மெல்லிய காலணியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் தம்பியைப் பார்த்தாள். கடைசியாக நொபுதோவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள். "உங்க எல்லாருக்கும் நான் வழி பண்ணிட்டேன். எனக்கு நான் இன்னும் முடிவு பண்ணலை."